கோத்தகிரி மூடுபனியில் மிஸ் அடிக்கும் மாருதி 800: கோளாறு பிளக்கிலா, வயரிலா?

கோத்தகிரி 800

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1998இல் வாங்கிய கார்பரேட்டர் மாருதி 800ஐ இன்றும் கோத்தகிரியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மூடுபனி இறங்கிய காலைகளில் ஸ்டார்ட் ஆனதும், மூன்று சிலிண்டரில் இரண்டுதான் வேலை செய்வதுபோல் வண்டி குலுங்குகிறது. பத்து நிமிடம் ஓடி என்ஜின் சூடானதும் தானே சரியாகிவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பும்போதும், குஞ்சப்பனை தாண்டி மூன்றாம் கியரில் ஏறுகையில் அவ்வப்போது மிஸ் அடிக்கிறது (பொறி தவறிப்போகிறது). ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றிலும் சிம்னி விளக்குக் கரிபோல உலர்ந்த கறுப்புப் படிவு இருக்கிறது. பிளக் வயர்களை எப்போது மாற்றினோம் என்பது வீட்டில் எவருக்கும் நினைவில்லை. "மலைக்கு ஹாட் பிளக்தான் சரிப்படும்" (முனையில் சூட்டைத் தேக்கிவைக்கும் வகை) என்கிறார் எங்கள் மெக்கானிக். எதை வாங்கலாம்?

ஊட்டி பழைய வண்டி

உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. ஊட்டியின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். கோத்தகிரியில் அதைவிடச் சற்றுக் கூடுதல். காற்று மெலிந்ததற்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைக்க, இரண்டையும் கலக்கும் கார்பரேட்டருக்குத் தெரியாது, அதனால் பெட்ரோல் மிகுந்து கலவை கெட்டியாகிக் கரி படிகிறது. பிளக்கின் முனை 450 முதல் 500 டிகிரி வரை சூடேறினால்தான் அந்தக் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். கடைவீதிக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டியில், இந்தக் குளிரில், அந்தச் சூடு எங்கிருந்து வரும்? ஆகவே பிளக்கின் சூட்டு எண்ணில் ஒரு படி ஹாட்டானதைப் போடுங்கள். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டுகிறேன். வயரையும் செம்புக் கம்பி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். கார்பன் வயரில் உள்ள தடை ஸ்பார்க்கைப் பாதியில் தின்றுவிடும்.

மேட்டுப்பாளையம் பட்டறை

ஐயா அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் இரண்டு யோசனைகளையும் ஏற்க இயலவில்லை.

முதலில் அறிகுறியைப் பாருங்கள். மூடுபனி நாளில் மட்டும் வருகிறது, என்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் போய்விடுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் வயரிலோ பிளக் தொப்பியிலோ டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலோதான் (சிலிண்டர்களுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகத்தின் மூடி) இருக்கும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் வயரின் உறையில் ஒரு வெடிப்பு இருந்தால், மின்சாரம் உள்ளே போகாமல் அந்த வழியாக என்ஜின் உடம்பில் இறங்கிவிடும். உங்கள் இரண்டு புகார்களும் இதற்குப் பொருந்துகின்றன.

அடுத்து ஹாட் பிளக். அந்தப் பிளக் ஊட்டி ஏரியைச் சுற்றிவர மட்டும் பயன்படப்போவதில்லை. நான்கு பேரையும் காய்கறி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தியபடி, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக ஏறும்போது முனையின் சூடு 850 டிகிரியைத் தாண்டினால், பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டன் ஓட்டையாவது இப்படித்தான். கையேட்டில் உள்ள எண்ணை மாற்றாதீர்கள்.

வயரின் தடை ஸ்பார்க்கைத் தின்கிறது என்பதும் சரியல்ல. பொறி தாண்டும்வரை வயரில் ஓடும் மின்சாரம் மிகச் சொற்பம். அதனால் தடையில் வோல்ட் பெரிதாக விழுவதில்லை. அந்தத் தடை வானொலி இரைச்சலை அடக்குவதற்காகவே வைக்கப்பட்டது. செம்பு வயர் போட்டால் பாட்டோடு சேர்ந்து என்ஜினும் "டிக் டிக்" என்று தாளம் போடும்.

குன்னூர்வாசி

இவ்வளவு விவாதம் எதற்கு? இரிடியம் பிளக் மூன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. மலையில் காற்று மெலிந்திருப்பதால் பொறி தாண்டுவதே கடினம். அதற்கு இரிடியம்தான் தகுந்தது.

மேட்டுப்பாளையம் பட்டறை

நண்பரே, அது நேர்மாறானது. காற்று மெலிந்தால் பொறி எளிதாகவே தாண்டும். அழுத்தம் கூடினால்தான் கடினம். மலையில் சிக்கல் என்னவென்றால், வெளியே பிளக்கின் பீங்கான்மேலும் அதே மெலிந்த காற்றுதான் இருக்கிறது. அதனுடன் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் மின்சாரம் வெளிப்புறமாகவே தாவிவிடும்.

இரிடியத்தைக் குறை சொல்லவில்லை. அதன் நடுமுனை 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான். சாதாரண பிளக்கில் அது 2.5 மில்லிமீட்டர். மெல்லிய முனையில் குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாண்டும், தேய்மானமும் குறைவு. ஆனால் கெட்டிக் கலவையின் கரி இரிடியத்தின்மேலும் படியும். அதைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யவும் முடியாது, முனை போய்விடும். காரணம் தெரியாமல் விலை உயர்ந்த பிளக்கைக் கரியாக்குவானேன்?

ஊட்டி பழைய வண்டி

அடிவாரத்தில் இருந்துகொண்டு மலைவண்டிக்கு வைத்தியம் பார்ப்பது எளிது. மாதத்தில் ஒருமுறை மலையேறும் வண்டிக்காக, மீதி 29 நாளும் கரியோடு மல்லுக்கட்டச் சொல்கிறீர்களா? மூன்று பிளக்கிலும் கரி இருப்பதாக அவர் எழுதியிருக்கிறார். ஒரு வயர் கெட்டிருந்தால் ஒரு பிளக்தானே கறுக்க வேண்டும்?

ஒன்றை மட்டும் இரு தரப்புக்கும் பொதுவாகச் சொல்லிவைக்கிறேன்: சூட்டு எண்ணை வைத்து வாங்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். பிளக் நிறுவனங்களில் என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடினால் கோல்ட் பிளக் (சூட்டை விரைவில் வெளியேற்றும் வகை); பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் கூடினால் ஹாட். என்.ஜி.கே. பி.பி.ஆர்.6இ.எஸ். பிளக்குக்கு நிகரானது பாஷ் டபிள்யூ.ஆர்.7டி.சி.; என்.ஜி.கே.யில் 5 என்றால் பாஷில் 8. கடைக்காரர் "எண் பெரிதாக இருக்கிறது, நல்லது" என்று எடுத்துக் கொடுப்பார்.

கோத்தகிரி 800

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, செடிக்கு நீர் தெளிக்கும் ஸ்பிரேயரால் வயர்கள்மேல் லேசாகப் புகைபோலத் தெளித்தேன். கையை எதன்மேலும் வைக்கவில்லை. உயர் வோல்ட் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு வயர், தாங்கு கம்பியில் உரசும் இடத்தில், நீல நூல்போல ஒரு பொறி நெளிந்து நெளிந்து இறங்கியது. வண்டியும் உடனே குலுங்கியது. இன்று காலை மல்டிமீட்டரால் அளந்தேன். பிளக் வயர்களில் இரண்டு 5 கிலோ ஓம் அளவில் நிலையாக இருக்கின்றன. மூன்றாவது, வளைத்தால் அளவே காட்டாமல் போய்விடுகிறது.

மேட்டுப்பாளையம் பட்டறை

மூன்று பிளக்கும் ஏன் கறுத்தன என்ற ஐயாவின் கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. நடு வயர் மூன்று சிலிண்டருக்கும் பொது. அங்கே கசிந்தால் மூன்றும் பாதிக்கப்படும்.

நான்கு வயரும் சேர்ந்த சிலிக்கான் செட் ஒன்று வாங்குங்கள், கேப்பையும் அதற்குள் சுழலும் ரோட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு வயரைக் கழற்றினால் அந்த இடத்தில் புதியதை மாட்டிய பின்னரே அடுத்ததைத் தொடுங்கள். சிலிண்டர்களில் பொறி விழும் ஃபயரிங் வரிசை 1-3-2 என்பதால் இரண்டு இடம் மாறினாலும் வண்டி தும்மத் தொடங்கும். புது பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகி, வாஷர் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து முக்காலுக்குச் சற்றுக் குறைவாக மட்டும் இறுக்குங்கள். ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு பிளக்கோடு நிற்காது.

ஊட்டி பழைய வண்டி

வயர் கெட்டிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அது பாதி விடை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மீதிப் பாதி கார்பரேட்டர். அதை எங்கே செட் செய்தார்கள்? உங்கள் பட்டறையில் செட் செய்தால் கோத்தகிரியில் கெட்டிதான்.

கோத்தகிரி 800

கடைசியாக மேட்டுப்பாளையத்தில்தான் செட் செய்தோம். வேறொரு பட்டறையில்.

மேட்டுப்பாளையம் பட்டறை

அப்படியானால் ஐயா சொல்வது இந்த இடத்தில் முழுக்கச் சரி. வண்டி அதிகம் ஓடுவது கோத்தகிரியில் என்பதால் அங்கேயே, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைச் சரிபாருங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றை அடைக்கும் சோக் முழுதாகத் திறக்கிறதா என்பதையும், ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். ஆனால் அப்படி மலைக்கேற்பக் குறைத்த கலவை கீழே இறங்கியதும் மெலிந்துவிடும். மெலிந்த கலவை சூடாக எரியும். அதனுடன் ஹாட் பிளக்கும் சேர்ந்து, மேட்டுப்பாளையம் வெயிலில் திரும்ப ஏறத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை ஐயாவே சொல்லட்டும்.

ஊட்டி பழைய வண்டி

என் வண்டி கீழே இறங்குவதில்லை. அவருடையது இறங்குகிறது. கையேட்டு எண்ணையே போடட்டும். மழைக்காலம் முடிந்து பிளக்கைக் கழற்றி நிறத்தை எழுதச் சொல்லுங்கள். அப்போதும் கறுப்பாக இருந்தால் மறுபடி பேசுவோம்.

கோத்தகிரி 800

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்து எழுதுகிறேன். வயர் செட்டுக்குச் சொல்லியாயிற்று. வியாழக்கிழமை வந்துவிடும் என்றார் கடைக்காரர். அதுவரை நடு வயரை அந்தத் தாங்கு கம்பியில் உரசாமல் விலக்கிக் கட்டி வைத்திருக்கிறேன்.