பீநட் வுட் (வேர்க்கடலை வடிவ வெள்ளைப் புள்ளிகள் கொண்ட, கல்லாகிப்போன மரம்) அறுத்தவர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு கல்லைச் சொல்லுங்கள்

கல்கிறுக்கன்:
முதல் துண்டை மரத்தின் இழை போன போக்கிலேயே அறுத்துவிட்டேன். அலசிப் பார்த்தால் கடலையாவது ஒன்றாவது, கறுப்பில் வெள்ளையாய் நீள நீளக் கோடுகள்தான். அதில் ஒரு துளை மட்டும் நேராக வந்து, பக்கத்துத் துளையைத் தொடப்போகும் இடத்தில் சட்டென்று விலகி வளைந்திருந்தது. நடுவில் தாள் கனத்துக்கு மரம் மிச்சம். இந்தத் துளைகளைப் போட்ட கப்பல் புழு அடுத்த வீட்டுச் சுவரை இடிக்காது என்று படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடலை ஆசையில் அதே துண்டைக் குறுக்கேயும் அறுத்தேன்.

சாணைவாசி:
புழு இல்லை, அது சிப்பி இனம். தலைப்பக்கம் இருக்கும் இரண்டு சின்ன ஓடுகளால்தான் மரத்தைச் சுரண்டும். கடலை வேண்டுமென்றால் குறுக்கே அறுக்கத்தான் வேண்டும், இதற்கு ஏன் வருத்தம்? என் கதையைக் கேளுங்கள். பாலிஷ் முடிந்தது என்று விளக்கடியில் சாய்த்தேன். மரம் கண்ணாடியாய் மின்ன, வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழிந்து கிடந்தன.

அரக்குக்குச்சி:
கல்லைக் குறை சொல்லாதீர்கள், தேய்த்த விதம்தான் காரணம். எனக்கும் அப்படி ஆனது, தூக்கிப் போட்டேன். துளைக்குள் இருப்பது ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் படிந்த கடல் சேறு. மரமும் சிலிக்காதான், ஆனால் இறுக்கம் வேறு. கார்போரண்டம் உரசுதாள் மெத்தென்ற இடத்தைத்தான் முதலில் தின்னும். வைரத்தூள் பூசிய சக்கரத்தில் 600, 1200, 3000 என்று சொரசொரப்பைக் குறைத்துக்கொண்டே, படி தாண்டாமல், அழுத்தாமல் போங்கள். கடைசியில் சீரியம் ஆக்சைடு என்ற பாலிஷ் தூள், கெட்டித் தோலில். அப்புறம், ‘ஒரே ஒரு ஓரம்தானே’ என்று தண்ணீர் இல்லாமல் தேய்க்காதீர்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் உட்கார்ந்தால் எழுந்து போகாது. முகக்கவசம் போடுங்கள், தேய்க்கும்போது வரும் சேறு காயும் முன் துடைத்துவிடுங்கள்.

ஓரத்துண்டு:
நான் ஏமாந்தது வாங்கும்போதே. மேற்கு ஆஸ்திரேலியாவின் கென்னடி மலைப் பக்கத்துக் கல், 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலில் மிதந்த ஊசியிலை மரம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். லென்ஸ் வைத்தால் ஊசிமுனை அளவில் ஒரே சீரான புள்ளிகள். பனை இனத்துக் கல்மரம்! எதுவும் துளைக்கவில்லை, மரத்தின் சொந்த நார்க்கற்றைகள்தான் அவை. கல்கிறுக்கன், அந்த விலகிப்போன துளை இன்னும் இருக்கிறதா?

கல்கிறுக்கன்:
இரண்டு பக்கமும் இருக்கிறது. வளைந்த இடம்தான் பிளேடோடு சேறாய்ப் போய்விட்டது.