போஸ்ஸே போய்ச் சேர்ந்தானா, பெஞ்சிலேயே இருந்தானா?

நூலகப்பூனை:
ஸ்வீடன் எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1954இல் எழுதிய 'மியோ, என் மியோ' நாவலைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாமா என்று கேட்டிருந்தார்கள். பத்து வயதுக்குள் வேண்டாம் என்பேன். ஸ்டாக்ஹோமில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளரும் ஒன்பது வயதுப் பையன் போஸ்ஸே. அவர்கள் விரும்பியது பெண் குழந்தையை. இவன் வந்த நாளே கெட்ட நாள் என்று வளர்ப்புத் தாயான எட்லா அத்தை கரித்துக்கொட்டுகிறாள். ஓர் அக்டோபர் மாலை ரஸ்க் வாங்கப் போனவன் பூங்கா பெஞ்சில் உட்கார்கிறான். பீர் பாட்டிலிலிருந்து வெளிவரும் பூதம் அவனைத் தொலைதூர நாட்டுக்குக் கொண்டுபோகிறது. அந்நாட்டு அரசர்தான் அவன் அப்பா. அங்கே அவன் பெயர் மியோ.

அங்கே கிடைக்கும் நண்பன் யும்-யும், பழைய நண்பன் பென்காவின் சாடை. மிராமிஸ் என்ற குதிரையோ அவனுக்குப் பழக்கமான கிழட்டு வண்டிக்குதிரையின் சாடை. பையன் பெஞ்சைவிட்டு எழவே இல்லை, எல்லாம் கனவுதான். இதை எப்படிப் பிள்ளைகளிடம் சொல்வது?

மழைக்காகிதம்:
சாடை இருப்பது சரி, அதற்காகக் கனவு என்று முடிவு கட்டிவிடுவதா? கடைசியில் பெஞ்சைப் பற்றிப் பேசுவதே போஸ்ஸேதான். தான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக எட்லா அத்தை நினைக்கலாம், ஆனால் அந்த பெஞ்சில் எந்த போஸ்ஸேயும் இல்லை என்கிறான். அந்த வீட்டில் அவன் பேச்சுக்கு மதிப்பே கிடையாது. வாசகரும் எட்லா பக்கம் சேர்ந்துகொள்ள வேண்டுமா?

நூலகப்பூனை:
யாரும் கேட்காமலே ஏன் மறுக்கிறான்? அந்த மறுப்புதான் என்னை உறுத்துகிறது.

மழைக்காகிதம்:
அப்படியென்றால் காட்டோவை என்ன செய்வீர்கள்? பிள்ளைகளைக் கடத்துகிறவன், கல் நெஞ்சுக்காரன். கடைசிச் சண்டையில், இந்தக் கல் என்னை வெகுகாலமாக உறுத்துகிறது, நெஞ்சைப் பார்த்துக் குத்து என்று அவனே கேட்கிறான். அவன் நின்ற இடத்தில் ஒரு கற்குவியல் மட்டும் கிடக்கிறது. சாம்பல் நிறக் குருவி ஒன்று வெளியே போகத் தவித்து ஜன்னலைக் கொத்துகிறது. மியோ திறந்துவிடுகிறான். தன் துக்கத்தை மறக்கக் கனவு காணும் பிள்ளைக்குப் பகைவனின் வலி எதற்கு? எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

வாசல்திண்ணை:
எனக்குக் கனவா நிஜமா என்பது பிரச்சினை இல்லை. வகுப்பில் தத்துப்பிள்ளை ஒன்று இருந்தால்? பெற்றவர் அரசர், வளர்த்தவள் கொடுமைக்காரி என்றுதானே அதன் காதில் விழும்? லிண்ட்கிரெனின் சொந்த மகன் லார்ஸ் 1926இல் கோபன்ஹேகனில் பிறந்து, முதல் மூன்று வருடம் அங்கே ஒரு வளர்ப்புத் தாயிடம் அன்பாகத்தான் வளர்ந்தான். அது தெரிந்தவர் எட்லாவை இப்படிப் படைத்திருக்க வேண்டாம்.

மழைக்காகிதம்:
நியாயமான கவலைதான். ஆனால் எட்லாவோடு நின்றுவிட்டால்தான் அப்படித் தோன்றும். யும்-யும்மின் அம்மா தன் மகனுக்குச் செய்வதையெல்லாம் மியோவுக்கும் செய்கிறாள். காட்டோவிடம் மகளைப் பறிகொடுத்த நெசவுக்காரி, மியோவின் கிழிந்த அங்கியைத் தைத்து, தான் நெய்த துணியையே உள்துணியாக வைத்துக் கொடுக்கிறாள். இருவருமே அவனைப் பெறாதவர்கள். வகுப்பில் வாசிக்கும்போது நெசவுக்காரி வரும் இடத்தை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.