பர்கூர் மலை மாணவிக்கு ஈரோட்டில் தங்க இடம் தேவை

அந்தியூர் தாலுகா பர்கூர் மலைப் பெண், அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து ஈரோட்டில் பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். மலையாளி சமூகம் (கேரளத்தவர் இல்லை, இங்குள்ள மலைவாழ் மக்கள்). இதே மக்கள் சேலம் மாவட்டத்தில் எஸ்டி. ஈரோட்டில் பட்டியலிலேயே இல்லை. சேலம் மாவட்டப் பாலமலையில் இருக்கும் சித்தி மகளுக்குச் சான்றிதழ் உண்டு, இவளுக்குக் கிடையாது! அதனால் பழங்குடியினர் விடுதி, உதவித்தொகை இரண்டும் போச்சு.

மனு கொடுத்தாச்சு. ஆனால் பட்டியல் நாடாளுமன்றத்தில்தான் மாறணும், அதுவரை கல்லூரி காத்திருக்குமா? கேட்டுப் பார்த்த டிரஸ்ட்டுகளும் எஸ்டி சான்றிதழ்தான் கேட்கின்றன. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். தனியார் விடுதிக்கு அது எந்த மூலைக்கு? அம்மா ராகிக் காட்டுக் கூலி. மழையில் மலைப்பாதை சரிந்தால் பஸ்ஸே கிடையாது, தினமும் போய்வர வழியில்லை.

சாதிச் சான்றிதழ் கேட்காமல் மாணவிகளுக்குத் தங்குமிடமோ விடுதிக் கட்டணமோ தரும் அறக்கட்டளை ஈரோடு பக்கம் யாருக்காவது தெரியுமா?