மொட்டைப் பாறை மலைகளில் நடக்கப் போகிறவர்களுக்கு: எந்தப் பாதை, ஏன்? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், கிருஷ்ணகிரி பக்கம் காட்சி நன்றாகத் தெரிகிற மலை எது என்று கேட்டிருந்தார். காட்சிக்கு இங்கே பஞ்சமே இல்லை தம்பி, எந்தக் கரட்டில் ஏறினாலும் நாலாபக்கமும் தெரியும். ஆனால் காலையில் நிழல் எந்தப் பக்கம் விழும், தண்ணீர் எங்கே, வேறு வழியில் இறங்க முடியுமா, இந்த மூன்றையும் விசாரித்த பிறகுதான் நான் காட்சிக்கே வருவேன்.

இந்தப் பழக்கம் ஓமனில் வேலை பார்த்தபோது வந்தது. அங்கே ஜெபல் ஷம்ஸ் என்று சுமார் 3000 மீட்டர் உயர மலை இருக்கிறது. அதில் அல் கத்தீம் என்ற இடத்திலிருந்து, ஆட்கள் விட்டுப்போன ஒரு பழைய கிராமம் வரைக்கும் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டியே ஒரு பாதை போகும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் எட்டிப் பார்த்தாலே காலில் கூச்சம் வரும் பள்ளம், ஆனால் ஏற்றம் குறைவு, பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டை வரைந்திருப்பதால் வழி தவறாது. பாலைவன நாட்டில் முதல் தடவை நடக்கிறவருக்கு நான் சொல்வது இதைத்தான், அதுவும் குளிர்காலத்தில் மட்டும். வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதால் தண்ணீரைப் பாதிப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வாதி என்று சொல்வார்களே, வறண்ட ஆற்றுப் படுகை, அது வேறு கதை. ஒருமுறை அப்படி ஒரு வாதிக்குள் நண்பர்களோடு நடந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு துளி மேகம் கிடையாது. எதிரே ஆடு ஓட்டி வந்த பெரியவர் தூரத்து மலையைக் காட்டி, மேலே ஏறுங்கள் என்று கையாலேயே விரட்டினார். அவர் ஆடுகளும் ஏற்கெனவே மேட்டில்தான் நின்றன. நாங்கள் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு வந்தது, நாங்கள் நடந்த தடமே தெரியவில்லை. மழை பெய்தது எங்கோ மலை மேல், வெள்ளம் வந்தது இங்கே. அந்தப் பெரியவரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

அதிலிருந்து நம்ம ஊரிலும் ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்காமல் நான் ஏறுவதில்லை. எந்தச் சுனையில் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பொந்தில் தேனீ கட்டியிருக்கிறது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ராயக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1791இல் ஆங்கிலேயர்கள் திப்புவின் படையிடமிருந்து பிடித்த கோட்டை, இப்போது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. விடிந்ததும் ஏறி, பாறை சூடாவதற்குள் இறங்கிவிட்டால் அருமையான நடை. பத்து மணிக்கு மேல் கீழிருந்தும் அனல், மேலிருந்தும் அனல். மல்லசந்திரம் கல்திட்டைகளை, அதாவது பெருங்கற்காலத்தில் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களால் எழுப்பிய சின்னங்களைப் பார்க்கப் போனாலும் இதே கணக்குதான், மேலே ஒதுங்க மரம் கிடையாது. அந்தக் கற்களை நகர்த்துவது, மேலே ஏறி நின்று படம் எடுப்பது, இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். அப்புறம், பாறையில் மழைநீர் வழிந்து கறுத்துப்போன பட்டை இருக்கும் பாருங்கள், காய்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது, லேசாகத் தூறினாலும் அதில் கால் வைக்கக் கூடாது.

அரூரிலிருந்து ஒரு நண்பர்:

அண்ணா, கோடையில் யாராவது கேட்டால் நான் தீர்த்தமலையைத்தான் காட்டுவேன். கோயில் வரைக்கும் படி இருக்கிறது, மேலே போனால் பாறையிலிருந்து விழுகிற இராமர் தீர்த்தம், வழியில் சனங்கள் நடமாட்டமும் இருக்கும். வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறேன். குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

எங்கள் பக்கம் வெயிலைவிட யானைதான் முக்கியம். கேழ்வரகு முற்றும் சமயத்தில் கர்நாடகத்தில் இருக்கும் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, சானமாவு காடுகளுக்கு வந்துவிடும். போன அறுவடைச் சமயத்தில் அதிகாலையில் கொல்லைக்குப் போகிற வழியில் ஈரமான சாணம் கிடந்தது, ஆவி அடங்கவில்லை. அப்படியே சத்தம் போடாமல் திரும்பி வந்து, ஊரில் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னோம். வெளியூர்க்காரர்களுக்கு அந்தச் சாணத்தைப் பார்த்தால் புதுசா பழசா என்று தெரியாது. 2022இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவித்துவிட்டார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள், யாரோ போட்ட வீடியோவில் வழி தெரிகிறது என்று நம்பியும் வராதீர்கள்.

முதலில் எழுதியவர்:

தேன்கனிக்கோட்டை நண்பர் சொன்னது சரி. தம்பி, அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கமே வேண்டாம், ராயக்கோட்டை போங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் உச்சி பக்கத்தில் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.