பழைய ஷூவின் அடியில் 41 என்ற முத்திரை: அளவா, ஆண்டா?

கேள்வி:

வணக்கம். பழைய காலணிகளைச் சேகரிக்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது. இதுவரை பார்வைக்குப் பிடித்ததை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன். அண்மையில் கைக்கு வந்த ஒரு ஜோடியை மட்டும், அதன் வரலாறு தெரியாமல் அலமாரியில் வைக்க மனம் வரவில்லை.

பெண்கள் அணியும் பழுப்பு நிற லேஸ் ஷூ. குதி குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது. குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, தரையில் படாத வளைவில், ஒரு முத்திரை அழுந்தப் பதிந்திருக்கிறது. ஒரு பக்கம் துண்டு போட்டு எடுத்த வட்டங்களைப் போல இரண்டு உருவங்கள், அவற்றை அடுத்து 41 என்ற எண். உள்பக்கத் துணியில் மையால் கையெழுத்தாகச் சில எண்கள் உள்ளன. லேஸ் துளைகளின் உலோக வளையங்களைச் சுற்றிப் பச்சை நிறத்தில் மெழுகு போன்ற ஒன்று படிந்திருக்கிறது. இடது ஷூவின் முனைக்குள் ஒரு செய்தித்தாள் துண்டு மடித்துத் திணிக்கப்பட்டிருக்கிறது.

41 என்பது அளவா, தயாரித்த ஆண்டா? பாலிஷ் போட்டு, தேய்ந்த குதியை மாற்றி வைக்கலாமா?

பதில் 1:

நீங்கள் விவரித்ததிலிருந்தே அது எந்த முத்திரை என்று தெரிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, உடை, காலணி போன்றவற்றைச் சிக்கனமாகவும் தரமாகவும் செய்ய பிரிட்டன் அரசு கொண்டுவந்த யுடிலிட்டி திட்டத்தின் முத்திரை அது. சேகரிப்பாளர்கள் சிசி41 என்பார்கள். வரைந்தவர் ரெஜினால்ட் ஷிப். துண்டு போட்ட வட்டங்கள் இரண்டும் ஆங்கில ‘சி’ எழுத்துகள். வெட்டிய பாலாடைக்கட்டியைப் போலத் தோன்றியதால் மக்கள் அதைச் ‘சீஸ்’ என்றே அழைத்தார்கள்.

41 என்பது திட்டம் தொடங்கிய 1941ஆம் ஆண்டைக் குறிக்கிறது. இந்தத் திட்டம் 1952 வரை நீடித்ததால், உங்கள் ஷூ அந்தப் பதினோரு ஆண்டுகளில் எப்போது வேண்டுமானாலும் செய்யப்பட்டிருக்கலாம். இந்த முத்திரையைக் காட்டி ‘1941இல் செய்தது’ என்று விற்பவர்கள் பலர். அதை நம்பி விலை கொடுத்துவிடாதீர்கள். அளவு என்ற ஐயத்தையும் நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். ஐரோப்பிய அளவுமுறையில் ஓர் எண்ணுக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர் என்பதால், 41 என்றால் ஷூவின் உள்நீளம் 27 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும். பிரிட்டனின் அளவுகளோ ஓர் எண்ணுக்கு மூன்றில் ஓர் அங்குலம் வீதம் கூடுபவை. கையெழுத்து எண்களில் ஒன்று அந்த அளவாக இருக்கக்கூடும்.

அங்கே 1941 ஜூன் மாதம் உடைப் பங்கீடு தொடங்கியபோது ஒருவருக்கு ஓராண்டுக்குக் கிடைத்தவை 66 கூப்பன்கள். ஒரு கம்பளி உடைக்கு 11, பெண்கள் ஷூவுக்கு 5, ஆண்கள் ஷூவுக்கு 7 என்று கணக்கு. இந்த ஷூவை வாங்கிய பெண் காசோடு கூப்பனையும் எண்ணிக் கொடுத்திருக்கலாம் என்று நினைக்கும்போது, அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்க்கத் தோன்றுகிறது.

பதில் 2:

முத்திரையைப் பற்றி மேலே சொன்னது சரி. அதோடு தைத்த முறையையும் பாருங்கள். முத்திரை இல்லாத ஷூக்களில் பல நேரம் அது ஒன்றுதான் சான்று. உள்ளே பாதம் படும் தோலில் சுற்றிலும் தையல் ஓடினால், அது பிளேக் தையலாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கான இயந்திரத்துக்கு லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்றார். உள்ளே தையலே தெரியாமல், வெளிவிளிம்பில் ஒட்டியிருக்கும் தோல் பட்டையின் மேல் மட்டும் தையல் தெரிந்தால், அது வெல்ட் முறை. அதை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் குட்இயர் ஜூனியர், 1870களில். எங்குமே தையல் இல்லையென்றால் பசையால் ஒட்டியது. இவையெல்லாம் ‘இதற்கு முந்தையது அல்ல’ என்று மட்டுமே சொல்லும். இரண்டு தையல் முறைகளும் இன்றுவரை வழக்கில் இருக்கின்றன.

ஷூவின் முனையையும் கவனியுங்கள். மேல்தோலைக் கால் வடிவ அச்சுக்கட்டையின் மேல் இழுத்து, மடித்து, சுருக்கம் விழாமல் பொருத்துவதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை. கைதேர்ந்த தொழிலாளி நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 ஜோடி முடித்த காலத்தில், சூரினாமில் பிறந்து அமெரிக்காவின் லின் நகரில் ஷூ தொழிற்சாலையில் வேலை செய்த யான் மட்செலிகர், அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் செய்து 1883இல் காப்புரிமை பெற்றார். அது நூற்றுக்கணக்கான ஜோடிகளை ஒரே நாளில் முடித்தது. அவர் 36 வயதிலேயே காசநோயால் இறந்துவிட்டார். உலகம் முழுவதும் சாதாரண மக்களின் காலில் ஷூ ஏறியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

பதில் 3:

பாலிஷ் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மெழுகு முத்திரையின் பள்ளத்தில் இறங்கிவிட்டால் பிறகு எடுப்பது கடினம். அந்தப் பச்சைப் படிவு, வளையத்தில் உள்ள செம்பு தோலின் கொழுப்போடு சேர்ந்து உண்டாவது. எண்ணெயோ பாலிஷோ தடவினால் அதற்கு இன்னும் தீனி போட்டதாகிவிடும். கூர்மையில்லாத மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, உலர்ந்த பஞ்சால் துடைத்தால் போதும்.

குதியையும் மாற்றாதீர்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது அணிந்தவர் நடந்த விதத்தைச் சொல்கிறது. புதிய குதி வந்தால் அது போய்விடும். அமிலமற்ற மெல்லிய தாளை உள்ளே தளர்வாக நிரப்பி, பிளாஸ்டிக் பையில் அடைக்காமல், வெயில் படாத அட்டைப்பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் நல்லது. செய்தித்தாளை இப்போதே இழுத்துவிடாமல், முதலில் இருக்கும் இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. உள்நீளம் 25 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆகவே 41 அளவு அல்ல என்பது உறுதி. உள்ளே தையல் இல்லை, விளிம்புப் பட்டையில் இருக்கிறது.

சிறிய டார்ச்சை உள்ளே செலுத்திப் பார்த்தபோது, எழுதியே ஆக வேண்டிய ஒன்றைக் கண்டேன். உள்தோலில் ஐந்து விரல்களின் பள்ளமும் கருமையாகப் பதிந்திருக்கிறது. ஆனால் பெருவிரலின் பள்ளம் ஷூவின் முனைக்கு ஏறக்குறைய இரண்டு விரற்கடை முன்பே முடிந்துவிடுகிறது. செய்தித்தாள் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. விரல்கள் படும் பக்கம் அது அட்டைபோல் அழுந்தி வழவழப்பாகிவிட்டது. வடிவம் கெடாமல் இருக்க யாரோ பின்னாளில் திணித்த தாள் என்றுதான் முதலில் எண்ணினேன். இப்போது பார்த்தால், தன் காலுக்குப் பெரிதான ஷூவை ஒருவர் தாள் வைத்துச் சரிசெய்து, நெடுநாள் நடந்திருக்கிறார் என்றே தோன்றுகிறது.

பதில் 1 எழுதியவர்:

நல்ல கண்டுபிடிப்பு. வலது ஷூவின் விரல் பள்ளமும் அதே தொலைவில் முடிகிறதா என்று அளந்து பாருங்கள். அப்படி முடிந்திருந்தால், அதிலும் ஒரு காலத்தில் தாள் இருந்திருக்க வேண்டும். முனையின் உள்துணியில் அச்சு மையின் கறை ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்றும் அதே டார்ச்சால் தேடுங்கள்.