வாலிபர் ஐக்கிய டூர்: பார்க்குக்குள் பிள்ளைகளைக் குழுவாக விடலாமா, பெரியவங்க கூடவே போகணுமா?

சத்துவாச்சாரி_செயலர்:
ஸ்தோத்திரம். வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்ததும் மே மாதம் சபை வாலிபர் ஐக்கியத்தை வேலூரிலிருந்து சென்னைப் பக்கம் முட்டுக்காடு எம்.ஜி.எம் கேளிக்கைப் பூங்காவுக்கோ, பெங்களூருப் பக்கம் பிடதி வொண்டர்லாவுக்கோ கூட்டிப்போகக் குருசேகர (ஆயரின் கீழுள்ள சபைகளின்) கமிட்டி சம்மதம் கொடுத்துவிட்டது. பிள்ளைகள் 42 பேர், வயது 13 முதல் 17. அதில் 13, 14 வயதுக்காரர்கள் 18 பேர். பொறுப்பாளர்கள் 5 பேர், அதில் பெண்கள் 2. உள்ளே போனதும் குழுவாக விட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்குக் கூடி வரச் சொல்லலாம் என்கிறார்கள் சிலர். கூடவே நடக்கணும் என்கிறார்கள் மற்றவர்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:
குழுவா விடுங்க. எட்டுப் பேரோட ஒரு பெரியவர் நடந்தா, நாலு பேர் ரோலர் கோஸ்டர் க்யூவுல நிப்பாங்க, நாலு பேர் ஏற மாட்டேம்பாங்க. அவர் எந்தப் பக்கம் நிப்பார்? பேருக்குத்தான் காவல்.

ஆறு பேர் ஒரு குழு, அதுக்குள்ள மூணு ஜோடி. நிறைய ரைடுல சீட் ரெண்டு ரெண்டாத்தான் இருக்கும். அஞ்சோ ஏழோ வெச்சா ஒருத்தர் தனியாப் போவார். முதலுதவி அறை பக்கத்துல நிழலா ஒரு இடம் பிடிங்க. ரெண்டு பெரியவங்க சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உக்காரணும், சாப்பாட்டுக்குக்கூட மாத்தி மாத்தித்தான் எழுந்திருக்கணும். கூடுற நேரம் 12:30, 3:00, 5:00. மணிக்கு ஒரு தடவை வெக்காதீங்க. லீவு நாள்ல ஒரே க்யூ முக்கால் மணி நேரம் இழுக்கும். பாதி க்யூவை விட்டுட்டு எவனும் வரமாட்டான். ஒரு தடவை தப்பினா அடுத்த தடவையும் தப்புவான்.

ராணிப்பேட்டை_அக்கா:
17 வயசுக்கு நீங்க சொல்றது சரி தம்பி. 13 வயசுக்கு ஒத்துவராது. ஒவ்வொரு ரைடு வாசல்லயும் உயரக் கோடு போட்ட பலகை இருக்கும். ஆறு பேர்ல குள்ளமான பிள்ளையை நிறுத்திடுவாங்க. மத்த அஞ்சு பேரும் ஏறிட்டா அது வெளியே தனியா நிக்கும். தொலைஞ்சு போறதுல பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். போன் பண்ணலாம்னு நினைப்பீங்க. தண்ணி விளையாட்டுப் பக்கம் போனதும் எல்லார் போனும் லாக்கருக்குள்ள. ஒரே கலர் டீ-ஷர்ட்டும் அங்கதான் கிடக்கும். அலைக்குளத்துக்கு (செயற்கை அலை வர்ற குளம்) நைலான் உடுப்பு மாத்தினப்புறம் யார் நம்ம பிள்ளைன்னு கலரை வெச்சு அடையாளம் தெரியாது. மார்க்கர்ல கையில எழுதின நம்பரும் அழிஞ்சிடும். குழுவுக்கு ஒரு கலர்ல ரப்பர் பேண்ட் வாங்கி மணிக்கட்டுல போடுங்க.

குழுத் தலைவன்னு ஒரு பையனை வெச்சா பொறுப்பு அவன்மேல போயிடாது. 18 வயசுக்குக் கீழ எல்லாரும் சட்டப்படி குழந்தைங்க. 2012 போக்சோ சட்டத்துல (பிள்ளைங்க மேல நடக்கிற பாலியல் குற்றத்துக்கான சட்டம்), அப்படிக் குற்றம் நடந்தது தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவே குற்றம். உடை மாத்துற அறை வாசல்ல பெண்பிள்ளைகளுக்கு ஒரு பெண் பொறுப்பாளர் நிக்கணும், உள்ள போகக்கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோட தனியா இருக்கக்கூடாது. நனைஞ்ச உடையில எடுத்த போட்டோ வாட்ஸ்அப் குரூப்புக்கு வரவே கூடாது.

காட்பாடி_ஜங்ஷன்:
உயரத்துக்கு வழி இருக்குக்கா. முந்தின ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் ஹால் சுவர்ல டேப் ஒட்டி எல்லாரையும் அளந்துடலாம். சிநேகிதத்தைப் பார்க்காம உயரத்தைப் பார்த்துக் குழு பிரிச்சா யாரும் வெளியே நிக்க மாட்டாங்க. மத்தபடி, பெரியவர் பின்னாடியே சுத்தினா 16 வயசுப் பிள்ளை ஒளிஞ்சு விளையாடும். அதுதான் பெரிய ஆபத்து.

பாகாயம்_நர்ஸ்:
நீங்கள் இருவருமே அலைக்குளத்தை அரைகுறையாகத்தான் தொட்டீர்கள். ஆளைப் போட வேண்டிய இடம் அதுதான். சைரன் அடித்து அலை வந்ததும் நடுவில் நிற்கிற பிள்ளைக்குக் கால் தரையில் நிற்காது. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையும் ஆட்டாது. தலை பின்னால் சாயும், வாய் தண்ணீர் மட்டத்துக்கு வரும், அவ்வளவுதான். காவலர் இருந்தாலும் நம் ஆள் இருவர் இரண்டு ஓரத்திலும் நனையாமல் நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறட்டும், அதற்கு மேல் கண் தளர்ந்துவிடும்.

வலிப்பு உள்ளவர்களுக்கு அலைக்குளமும் வேண்டாம், கோஸ்டரும் வேண்டாம். இன்ஹேலரை லாக்கரில் வைக்க விடாதீர்கள். பெயர் எழுதிய கவரில் கூடுமிடத்தில் இருக்கட்டும். பஸ் வாந்திக்கு மாத்திரை, பெற்றோர் எழுதிக் கொடுத்தால் மட்டும். ஓ.ஆர்.எஸ் ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்கணும். அரை லிட்டரில் கரைத்தால் உப்பு ஏறி கெடுதல். வெயிலில் வெறும் தலைசுற்றல் என்றால் நிழலும் தண்ணீரும் போதும். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் உடனே தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சத்துவாச்சாரி_செயலர்:
சரி, எந்த ஊர்?

காட்பாடி_ஜங்ஷன்:
ஒரே நாள்னா முட்டுக்காடு. ஸ்ரீபெரும்புதூர்ல திரும்பி ஒரகடம், வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாப் போனா சென்னைக்குள்ளயே நுழைய வேண்டாம். பிடதின்னா போகவே 5 மணி நேரம். எலக்ட்ரானிக் சிட்டியில நைஸ் ரோடு (பெங்களூரு வெளிச்சாலை) ஏறினாத்தான் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசல் தப்பும். வண்டிக்குக் கர்நாடகா பெர்மிட், வரி இருக்கான்னு முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே பாருங்க. திரும்பி வர நடுராத்திரி ஆயிடும். டிரைவரும் காலையில இருந்து முழிச்சிருக்கிற அதே ஆள்.

ராணிப்பேட்டை_அக்கா:
முட்டுக்காட்டுக்கு நானும் சம்மதம். ஆள் கணக்கைப் பாருங்க. சின்னவங்க 18 பேர், மூணு குழு, கூட நடக்க மூணு பெரியவங்க. கூடுமிடத்துல ரெண்டு. அஞ்சு பேரும் தீர்ந்தாச்சு, குளத்து ஓரம் யாரும் இல்லை. இன்னும் ரெண்டு பேர் வேணும், ரெண்டும் பெண்களா இருக்கட்டும். 42-ம் 7-ம் 49, வண்டி சீட்டும் சரியா இருக்கு.

ஏறும்போது தலை எண்ணாதீங்க. நம்பர் சொல்லச் சொன்னா பக்கத்துல இருக்கிறவன் ஃப்ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்லிடுவான். சீட் சீட்டாப் போய், முகத்தைப் பார்த்து, லிஸ்ட்ல டிக் போடணும். டீ குடிக்க இறங்கினாலும் இதேதான்.

காட்பாடி_ஜங்ஷன்:
சின்னவங்களோட பெரியவர், 15 வயசுல இருந்து ஜோடியாக் குழு. இதுக்கு நான் சரி. 15 வயசையும் சின்னவங்க பக்கம் தள்ளாதீங்க.

ராணிப்பேட்டை_அக்கா:
15 வயசுப் பெண்பிள்ளைங்களை எனக்கு இன்னும் மனசு ஒப்பலை. அதைப் பெத்தவங்களே சொல்லட்டும். சம்மதக் கடிதத்துல "என் பிள்ளை பெரியவர் இல்லாமல் குழுவோடு சுற்றலாம் / கூடாது"ன்னு ஒரு வரி சேர்த்து, ஒண்ணை அடிச்சுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க செயலர். கையெழுத்து வராத பிள்ளை பெரியவரோட குழுவுல.