'பரிமாற்றம்' வேண்டாம், 'கைமாற்றம்' போதும்

அன்புடையீர், வணக்கம்.

நாடுகளுக்கிடையிலான ஆயுத வணிகத்தை நெறிப்படுத்தும் ஆயுத வணிக உடன்படிக்கையின் 2ஆம் உறுப்பில் (பிரிவில்) வரும் 'டிரான்ஸ்ஃபர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'பரிமாற்றம்' என்று எழுதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. பரிமாற்றம் என்றால் இரு தரப்பும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற வேண்டும். உடன்படிக்கையோ ஏற்றுமதி, இறக்குமதி, ஒரு நாட்டின் வழியாகக் கொண்டுசெல்லுதல், வழியில் கலம் (கப்பல்) மாற்றுதல், தரகு ஆகிய ஐந்தையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்குகிறது. 'இடமாற்றம்' என்றால் அரசு ஊழியர்தான் நினைவுக்கு வருகிறார்.

நான் முன்வைத்த 'கைமாற்றம்' வட்டியில்லாக் கடனாகிய கைமாற்றை நினைவூட்டும் என்று புதுச்சேரி நண்பர் மறுத்திருந்தார். கடலூரிலும் அதே பொருள்தான். ஆனால் இங்கே அது குறையாகாது. ஆயுதங்களைக் கொடையாகவோ கடனாகவோ கொடுப்பதை வெளிப்படையாகச் சேர்ப்பதா என்பது பேச்சுவார்த்தையில் இழுபறியாக இருந்த விஷயங்களுள் ஒன்று. இறுதி வாசகத்தில் அச்சொற்கள் இடம்பெறவில்லை. 2013 மார்ச்சில் ஈரான், வட கொரியா, சிரியா ஆகியவை தடுத்ததால் உடன்படிக்கையை ஏற்பதில் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை; ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 154 நாடுகள் ஆதரிக்க, அம்மூன்றும் எதிர்க்க, இந்தியா உட்பட 23 நாடுகள் வாக்களிக்காமல் விலகின. இவ்வளவு இழுபறிக்குப் பின் வந்த வாசகத்தில் விற்பனையை மட்டும் சுட்டும் சொல்லை நாம் திணிக்கக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. உடன்படிக்கையில் சேர்ந்த ஒரு நாடு தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஆயுதங்களை எல்லை தாண்டிக் கொண்டுபோனால், உடைமை அதனிடமே இருக்கும்வரை உடன்படிக்கை அதற்குப் பொருந்தாது. பீரங்கி இடம் மாறுகிறது, கை மாறவில்லை. இந்த வேறுபாட்டை வேறெந்தச் சொல்லும் இவ்வளவு எளிதாகக் காட்டவில்லை.

என் சொல்லின் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு துறைமுகத்தைக் கடந்து மட்டும் செல்லும் சரக்கு யார் கைக்கும் மாறுவதில்லை, ஆயினும் அதுவும் இந்த வரையறைக்குள் வருகிறது. வரையறையை உடன்படிக்கையே தருவதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. (அணு ஆயுதம் போன்றவை அல்லாத வழக்கமான ஆயுதங்களைக் குறிக்கும் 'மரபு ஆயுதம்' என்பது பீரங்கி வண்டியை விட்டுவிட்டு ஈட்டியையும் வாளையும் நினைவூட்டுவதைத் தனி மடலில் பேசுவோம்.)

வழியில் கலம் மாற்றுவதற்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. கடலூர் முதுநகரில், கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலிலிருந்து படகுக்குச் சரக்கு இறக்கிய பெரியவர்களிடம் ஒரு சொல் இருக்கக்கூடும். கேட்டு எழுதுகிறேன்.